படுக்கக் கட்டியது

வீட்டுச் சுவருக்கும் கேட்டுக்கும் நடுவில்
நான்கடிக்குப் பதினோரு அடி.
அதில் பாதி தவமணியின் மொபெட்டுக்கு.
மீதியைத்தான்
தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏற்காட்டில் வண்டி திரும்ப இருபது நிமிடம் இருந்தது.
லூர்துமேரியின் நர்சரியில்
நூற்றெண்பது ரூபாய்க்கு இந்தக் கொடிரோஜா.
"ஆறடி, மிஞ்சினா ஏழடி. அதுக்கு மேல போகாதுண்ணா,
சின்ன எடத்துக்குன்னே பொறந்தது."
என்ஜின் மூடி மேல் வைத்தால் வெந்துவிடும்.
முன் சீட்டுக்காரர் ஒருவர், பெயர் கேட்கவில்லை,
அஸ்தம்பட்டி வரை மடியில் வைத்திருந்தார்.
பதினான்காம் வளைவில் ஒரு குழந்தை வாந்தியெடுத்தது.
செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

செட்டிச்சாவடி மண் வெள்ளை.
கடப்பாரை போட்டால் சுண்ணாம்பு மணக்கும்.
மூன்றே வாரத்தில் இலை வெளுத்தது,
நரம்பு மட்டும் பச்சையாக,
டிப்போ சுவரில் மாட்டிய வழித்தடப் படம் மாதிரி.
உரக்கடைக்காரர் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்து
"இரும்பு இருக்குது சார், ஏறாது" என்றார்.
என் பழைய வண்டியைப் பற்றி
மெக்கானிக்கும் அதையேதான் சொல்வார்.

இரண்டடி தோண்டி வெள்ளையை அள்ளிப் போட்டேன்.
ஓமலூர்ச் செம்மண் நாலு மூட்டை.
மலையிலிருந்து மட்கிய காபித் தோல்,
டிரிப்புக்கு ஒரு பை.
ஜவ்வரிசி ஆலையிலிருந்து
புருவமெல்லாம் மாவோடு வந்த தவமணி
நின்று பார்த்தாள்.
"வண்டிய எங்க நிறுத்துவேன்?"
அவ்வளவுதான் கேட்டாள்.

அடுத்த பங்குனியில் கொடி
மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு
நேர் மேலே போயிற்று.
நான்தான் கட்டிவிட்டேன், ஏறுகிறதே என்று.
கீழே வெறும் முள்.
ஒருநாள் மாடியில் குடியிருக்கும் முபீனா டீச்சர்
"உங்க ரோஜா ரொம்ப அழகு சார்" என்றார்.
நான் அதைப் பார்த்திருக்கவில்லை.
சன்ஷேடுக்கு மேலே, அவர் சன்னலுக்கு நேராக
ஒன்றே ஒன்று பூத்திருந்ததாம்.
செல்போனில் காட்டினார்.
பப்பாளித் துண்டின் நிறம்.

லூர்துமேரி சிரித்த சிரிப்பில்
பூவாளியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.
"நெட்டுக்குத்தா ஏத்துனா நுனியிலதாண்ணா பூக்கும்.
வளைச்சுப் படுக்கக் கட்டுங்க.
டிரைவருக்கு இதையா சொல்லணும்?"

முதல் கொம்பை ஒரே நாளில் வளைத்தேன்.
கிளட்ச் கேபிள் அறுவது போல ஒரு சத்தம்.
கொஞ்ச நேரம் அதைக் கையில் பிடித்தபடியே நின்றேன்,
பிடித்திருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல.
மற்ற இரண்டையும்
சைக்கிள் டியூப் வாரால்
வாரத்துக்கு ஒரு விரற்கடை,
தண்ணீர் விட்ட மறுநாள்,
முடிச்சைத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி முடிந்து.
ஆடியில் ஆரம்பித்தது.
கார்த்திகையில்தான் சுவரோடு சுவராகப் படுத்தது.

படுத்த பிறகு
கணுவுக்குக் கணு ஒரு சிறு குச்சி நிமிர்ந்தது.
தையில் எண்ணினேன், பதினொன்று.
பிறகு டூட்டி மாறியது. எண்ணவில்லை.

மலைப்பாதையில் கொண்டை ஊசி இருபது.
பதினெட்டு வருடமாகத் திருப்புகிறேன்,
ஒன்றிலும் பூச் செருகிப் பார்த்ததில்லை.
என் சுவரில் இரண்டே வளைவு.

விடியற்காலை நாலு நாற்பதுக்குக் கதவைத் திறந்தால்
இருட்டில் காக்கிச் சட்டையைப் பிடித்து இழுக்கிறது.
இடது கை முழுக்க நூல் பிரிந்து கிடக்கிறது.
பூனை வளர்க்கிறாயா என்கிறார்கள் டிப்போவில்.

மொபெட் இப்போது தெருவில் நிற்கிறது.
நகர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை.
இன்று காலை
சீட்டில் காற்று கொட்டியிருந்த இதழ்களைத் தட்டாமல்
அப்படியே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள் தவமணி.
திருப்பத்தில் வேகம் குறைத்து,
திரும்பிப் பார்க்காமல் கத்தினாள்:
"அந்த ஒடைஞ்ச கொம்ப வெட்டிராதீங்க.
அடியில ஏதோ செவப்பா தெரியுது."